கடல் கடந்த குழம்பு

வெளிநாடு சென்று மீண்டவரிடம் நம்மவர் வினவும் முதல் வினா, "அங்கே என்ன கண்டீர்கள்?" என்பதன்று, "அங்கே சாப்பாடு எப்படி?" என்பதே. சென்ற சித்திரை விடுமுறையில் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய குவாதலூப்பிலே பத்து நாள் தங்கித் திரும்பிய எம்மிடமும், ஆசிரியர் அறையிலும் கோயில் வீதியிலும் இதே வினாவைத்தான் எல்லாரும் தொடுத்தனர். ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே விடை கூறி அலுத்துவிட்டமையால், அனைவர்க்கும் பொதுவாக இங்கே எழுதிவிடத் துணிந்தோம். அவ்வூரில் எங்கே தங்கலாம், எதை உண்ணலாம், எதைப் பருகலாம் என்பவற்றை முதலிற் கூறுவோம். உணவு தேடப் போன இடத்தில் எமக்குக் கிடைத்த ஒரு பாடத்தை இறுதியிற் கூறுவோம்.

குவாதலூப் என்பது கரிபியன் கடலுக்கும் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கும் இடையே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போலக் கிடக்கும் தீவு. 1493இல் கொலம்பசு இதனைக் கண்டு, ஸ்பானிய நாட்டு மடாலயம் ஒன்றின் பெயரை இதற்கு இட்டார். 1635இல் பிரெஞ்சுக்காரர் குடியேறினர். 1946 முதல் இது பிரான்சின் குடியேற்ற நாடு அன்று. பிரான்சின் ஒரு மாகாணமே ஆகும். அதனால் பாரிசிலிருந்து செல்வோர்க்கு இஃது உள்நாட்டுப் பயணம்; நாணயமும் யூரோவே. பாரிசிலே வாழும் எம் தம்பி குடும்பத்தார் விடுமுறைக்கு அங்கே புறப்பட்டபோது எம்மையும் உடன் அழைத்தனர். ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் ஒன்றை மறத்தலாகாது: ஐரோப்பாவுக்குப் பெற்ற சாதாரண விசா அத்தீவுக்குச் செல்லாது, கடல் கடந்த பிரெஞ்சு நிலப்பகுதிகளுக்கும் செல்லும் என்று தனியே எழுதி வாங்குதல் வேண்டும். விமானம் எட்டரை மணி நேரம் பறக்கிறது. இறங்கியதும் கைக்கடிகாரத்தை இலங்கை நேரத்திலிருந்து ஒன்பதரை மணி பின்னுக்குத் திருப்புதல் வேண்டும்.

நாம் தங்கிய ஊர் சேன் பிரான்சுவா. வண்ணத்துப்பூச்சியின் வலச் சிறகாகிய கிராந்த்-தேரின் கிழக்கு ஓரத்தில், பவளப் பாறை அரண் செய்த அமைதியான கடலின் கரையிலே அஃது அமைந்திருக்கின்றது. முன்னாளில் மீனவர் ஊர். இந்நாளில் படகுத் துறையும் விடுதிகளும் பெருகிய உல்லாசப் பயணிகள் ஊர். 1979ஆம் ஆண்டு தை மாதத்தில் அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்சு, மேற்கு சேர்மனி ஆகிய நான்கு நாட்டுத் தலைவர்கள் உலக விவகாரம் பேசக் கூடியது இத்தீவிலேதான். பெரியோர் கூடிய இடத்திற் சிறியோமும் கால் பதித்தோம் என்று பெருமை கொள்ளலாம்.

தங்குவதற்கு இங்கே இரு வழிகள் உள்ளன. படகுத் துறையை அண்டிக் கடல் நோக்கிய ஓட்டல்கள் இருக்கின்றன. வசதி மிகுதி, கட்டணமும் மிகுதி. மற்றொன்று, அவ்வூர்க் குடும்பத்தார் தம் வளவுக்குள்ளே கட்டி வாடகைக்கு விடும் சிறு வீடுகள். 'கீத்' என்று அவற்றை அழைக்கின்றனர். குசினி, விறாந்தை, மாமரத்து நிழல் யாவும் அதில் உண்டு. பிள்ளைகளோடு செல்வோர்க்கும், எம்மைப் போல் மச்சம் உண்ணாதவர்க்கும் இதுவே உகந்தது. சந்தையிற் காய்கறி வாங்கிச் சமைத்துக்கொள்ளலாம் அன்றோ! மோட்டார் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தல் நன்று. பேருந்துகள் உண்டு, ஆயினும் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவற்றை நம்பி இருத்தல் அரிது.

முதல் நாள் மாலை அவ்விறாந்தையிலே ஒரு சிறு கசப்பு நேர்ந்தது. தம்பியின் மகளுக்கு வயது பதினான்கு. பாரிசிலே பிறந்து வளர்ந்தவள். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி நடுவிற் பிரெஞ்சில் நடந்து மறுபடி தமிழில் முடிப்பாள். எமக்குத் தேநீர் கொண்டுவந்து, ஏதோ கலப்பு மொழியிற் சர்க்கரை பற்றிக் கேட்டாள். இருபது ஆண்டு தமிழ் கற்பித்த நாக்கு சும்மா இருக்குமா? "தமிழ் பேசத் தெரியாத தமிழ்ப் பிள்ளை வேரில்லாத மரம்" என்றோம். தேநீரை வைத்துவிட்டுப் போனவள், அதன் பின்பு எம்மோடு தமிழிற் பேசுவதையே நிறுத்திவிட்டாள். கடைகளில் எமக்காகப் பிரெஞ்சு பேசுவாள். எமக்கு விடையாகத் தலையை மட்டும் அசைப்பாள். நான்கு நாள் இவ்வாறு கழிந்தது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமையே எமக்கு உறுத்தியது.

இனி உணவு. ஊருக்கு மேற்கே 'ரேசன் கிளேர்' என்னும் கடற்கரை உண்டு. கடலோரத்தில் வட்ட இலைகளோடு வளரும் கடல் திராட்சை மரத்தினால் வந்த பெயர் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே அங்கே திரளும். கரையோரமாக நிற்கும் வண்டிக் கடைகளில் 'பொக்கித்' என்னும் பண்டம் விற்பார்கள். கோதுமை மாவை உருட்டித் தட்டிக் கொதிக்கும் எண்ணெயிற் பொரித்து, உப்பி எழுந்ததும் நடுவே பிளந்து, உள்ளே கருவாட்டுத் துருவலோ கோழியோ முட்டையோ காய்கறியோ வைத்துத் தருவர். உழைப்பாளர் உணவாகத் தோன்றிய அது இன்று அத்தீவின் பெருமையாகிவிட்டது. 'அக்ரா' என்பது உப்பு மீனைப் பிசைந்து பொரிக்கும் சிறு உருண்டை. பார்வைக்கு எம் போண்டா போல் இருக்கும். மீனவர் துறையருகே உள்ள சாப்பாட்டுக் கடைகளிலே அன்றன்று பிடித்த மீனைத் தேசிக்காய், மிளகாய், பூண்டு சேர்த்து வேக வைத்துத் தருவர். மீன் உண்போர்க்கு அது தேவாமிர்தம் என்று தம்பி சான்று பகர்ந்தார்.

மச்சம் உண்ணாதவர் என்ன செய்வது? அஞ்ச வேண்டுவதில்லை. ஈரப்பலாக்காயை அவித்தும் பொரித்தும் எங்கும் தருகின்றனர். பசிபிக் தீவுகளிலிருந்து கப்பலேற்றி வந்து மேற்கிந்தியத் தீவுகளில் நட்ட மரம் அது. அடிமைகளுக்கு மலிவாக உணவளிக்கத் தேடிய வழி. சௌசௌக் காயைப் பாலாடைக் கட்டியோடு வாட்டிய பண்டம், பூசணிக்காய் மசியல், இராசவள்ளி, வாழைக்காய் என எமக்கு உறவினர் பலர் அங்கே உளர். ஆனால் செந்நிற அவரை விதையையும் பருப்பையும் கண்டு ஏமாறலாகாது. உப்பிட்ட பன்றி வால் ஒரு துண்டு அதனுள் மறைந்து கிடப்பது வழக்கம். "இதில் இறைச்சி உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்பர், வாலை அவர்கள் இறைச்சியாகக் கணக்கிடுவதில்லை போலும். "வால் உண்டா?" என்றே கேட்டல் வேண்டும். இந்த நுட்பத்தை நாம் கற்றது ஒரு கவளம் வாய்க்குள் போன பிறகு.

பருகுவதற்கு இளநீரும் கருப்பஞ்சாறும் தாராளம். கொடித்தோடை, கொய்யா, அன்னமுன்னா, புளி ஆகியவற்றின் சாறுகளும் உண்டு. மாலையிற் கடற்கரையிலே ஒரு மூதாட்டி மர வாளிக்குள் ஐஸ் கட்டியும் உப்பும் இட்டு, நடுவிலுள்ள பாத்திரத்தைக் கைப்பிடியாற் சுழற்றித் தேங்காய்ப் பாலை உறைய வைத்துத் தருவார். அதன் சுவையை எழுத்தில் அடக்குதல் ஆகாது. அத்தீவின் பெயர் பெற்ற பானமோ 'ரம்' ஆகும். பிற நாடுகளிற் சீனிப்பாகின் கழிவிலிருந்து வடிப்பதை இங்கே புதிய கருப்பஞ்சாற்றிலிருந்தே வடிக்கின்றனர். அதனோடு தேசிக்காய்த் துண்டும் கரும்புச் சர்க்கரையும் மேசையில் வைத்துவிடுவர். கலவையின் அளவை உண்பவரே தீர்மானிக்க வேண்டும். 'அவரவர் மரணத்தை அவரவரே ஆயத்தம் செய்க' என்று வேடிக்கையாகச் சொல்வார்களாம். நாம் எம் மரணத்தைப் பிறிதொரு நாளைக்கு ஒத்தி வைத்தோம்.

கடற்கரையில் நிழல் தேடுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. 'மான்சினீல்' என்றொரு மரம் உண்டு. பச்சை அப்பிள் போன்ற அதன் பழம் கடும் நஞ்சு. பால் பட்டால் தோல் வெந்துவிடும். மழை வேளையில் அதன் கீழ் நின்றால் இலையிலிருந்து சொட்டும் நீரும் புண் செய்யும். அடிமரத்திற் சிவப்பு வளையம் தீட்டி அடையாளம் இட்டிருப்பர். பிள்ளைகளுக்கு இதனை முதல் நாளே காட்டிவிடுதல் நன்று. புயற்காலம் ஆனி முதல் கார்த்திகை வரை. 1989 புரட்டாதியில் வந்த 'ஹியூகோ' என்னும் சூறாவளி இவ்வூரைப் பெரிதும் சிதைத்தது. மார்கழிக்கும் சித்திரைக்கும் இடைப்பட்ட வறள்காலமே பயணத்துக்கு ஏற்றது. 2011 முதல் அத்திலாந்திக் கரைகளில் ஒரு வகைக் கடற்பாசி மலையாய் ஒதுங்கி நாறுவதும் உண்டு. அந்நாட்களில் வேறு கரைக்குச் செல்லல் வேண்டும்.

இப்போது எம் கதைக்கு வருவோம்.

ஐந்தாம் நாள், ஊரின் கிழக்கு நுனியாகிய 'கோட்டை முனை'யிற் பாறைகள்மேல் அலை மோதுவதைக் கண்டு திரும்பும் வழியில், ஒரு வீட்டு முற்றத்திலே நாலைந்து மேசைகள் போட்ட சாப்பாட்டுக் கடை தென்பட்டது. வாயிலிற் கரும்பலகை. அதில் வெண்கட்டியால் எழுதியிருந்த முதற் சொல்லைக் கண்டு திகைத்து நின்றோம். 'கொலம்போ' என்று எழுதியிருந்தது! எம் பெருநகரம் இங்கே உணவுப் பட்டியலில் எவ்வாறு ஏறியது?

உரிமையாளர் எழுபது வயதை எட்டிய அம்மையார். நெற்றியும் கண்ணும் எம் ஊரிற் பார்த்த முகமே. நாம் இலங்கையர் என்று பெறாமகள் பிரெஞ்சிற் சொன்னதும் அவர் கை தட்டிச் சிரித்தார். "அப்படியானால் நீங்கள் கொலம்போ பிறந்த ஊரிலிருந்தே வந்திருக்கிறீர்கள்!" என்றார். ஆட்டிறைச்சியிலும் கோழியிலும் ஆக்குவது வழக்கம் என்றும், இறைச்சி உண்ணாத எமக்குத் தனியாகக் கத்தரிக்காயும் சௌசௌவும் மாங்காய்த் துண்டும் இட்டு ஆக்கித் தருவதாகவும் கூறி உள்ளே போனார். அரை மணி நேரத்திற் சோறும் கொலம்போவும் வந்தன. கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு, மிளகு: ஒவ்வொன்றும் நாவிலே பெயர் சொல்லிக்கொண்டு இறங்கின. வறுத்த அரிசியையும் அவர்கள் தூளுடன் சேர்த்து அரைப்பதுண்டாம். யாழ்ப்பாணத்து உறைப்பு இல்லை. ஆயினும் இஃது எம் வீட்டுக் குழம்பின் தங்கை என்பதில் ஐயமில்லை.

ஆசிரியன் சும்மா இருப்பானா? அம்மையாரை அழைத்துப் பாடம் தொடங்கினோம். கொலம்போ என்பது எம் நகரத்தின் பெயரன்று; அது 'குழம்பு' என்னும் தமிழ்ச் சொல் என்றோம். நகரத்தின் பெயரே என்பாரும் உளர். எனினும் 1854ஆம் ஆண்டு மார்கழியில் இத்தீவுக்கு வந்த முதற் கப்பலாகிய 'ஒரேலி' முதல் 1889 வரை, ஏறத்தாழ 42,000 இந்தியர் இங்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர். அவர்கள் சட்டியோடு கொண்டுவந்த சொல் நகரத்தின் பெயராய் இருத்தல் இயலுமா? 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று அழைத்து வந்தனர். பலர் நோயிலும் உழைப்பிலும் மாண்டனர், சிலர் மீண்டனர், எஞ்சியோர் அங்கேயே வேரூன்றினர். அவர் வழி வந்த ஆன்றி சிதம்பரம் என்பவர் தம்மவர்க்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டி 1904 முதல் வழக்காடி, 1923இல் அதனைப் பெற்றுத் தந்தார். 1948இற் குடியுரிமை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் காத்திருந்த எம் மலையகத் தோட்டத் தமிழரை நினைத்துக்கொண்டோம்.

அம்மையார் அமைதியாகக் கேட்டிருந்தார். நாம் 'குழம்பு' என்று சொல்லி, நா நுனியை மடித்துக் காட்டி, அவரையும் சொல்லச் சொன்னோம். "குளொம்பு" என்றார். "அன்று, அன்று, ழ, ழ" என்றோம். மூன்று முறை முயன்றார், வரவில்லை. சிரித்த முகம் மெல்ல மாறியது. பெறாமகளிடம் ஏதோ சொன்னார். அவள் எம்மைப் பாராமல் மேசையைப் பார்த்தபடி, நான்கு நாளுக்குப் பின் முதன்முறையாகத் தமிழிற் சொன்னாள்: "தாங்கள் பிழையாய்ச் சொன்னால் திருத்திறதுக்கு இங்கை நூறு வருசமா ஒருத்தரும் வரேல்லையாம், பெரியப்பா."

எமக்குச் சோறு தொண்டையில் நின்றது.

பேச்சை மாற்ற, நாம் செய்யும் தொழிலை அவள் சொன்னாள் போலும். அம்மையார் சட்டென நிமிர்ந்து, "வாத்தியாலு?" என்றார். வாத்தியார் என்னும் சொல்லே அது. கூத்தும் பாட்டும் கற்பிக்கும் முதியோரை அங்கே அவ்வாறு அழைப்பராம். மாரியம்மனை 'மாலியேமன்' என்றும், வேப்பிலையை 'வெப்பெலே' என்றும், மத்தளத்தை 'மத்தலோன்' என்றும் வழங்குகின்றனர். மொழி போய்விட்டது, கோயிலிலும் குசினியிலும் கிடந்த சொற்கள் மட்டும் அடுப்புச் சாம்பலுட் கனல் போல இருக்கின்றன.

வாத்தியார் என்றதும் அம்மையார்க்கு ஒரு வேண்டுகோள் எழுந்தது. அவருடைய பாட்டியார் வீட்டை விட்டுப் புறப்படும் எவரிடமும், வாயிற்படியில் நின்று ஒரு சொற்றொடர் சொல்வாராம். அதன் பொருள் யாருக்கும் தெரியாது. 'சென்று வருக' என்னும் வாழ்த்தென்று எண்ணி, தாமும் இக்கடைக்கு வந்து போவோரிடமெல்லாம் அதனையே சொல்லி விடை கொடுக்கிறாராம். சொன்னார்: "சப்பித்தி-போ."

நாம் கண்ணை மூடிச் சிந்தித்தோம். 'சபாபதி, போற்றி' என்பதன் சிதைவோ? ஏதேனும் பதிகத்தின் ஈறோ? 'செப்பிடு' என்று தொடங்கும் பாட்டோ? மீண்டும் மீண்டும் சொல்லச் சொன்னோம். பட்டமும் பழந்தமிழும் கைகொடுக்கவில்லை. "தெரியவில்லை" என்று ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வந்தபோது, அருகிலிருந்த சிறுமி மெல்லச் சொன்னாள்:

"பெரியப்பா, 'சாப்பிட்டுப் போ' எண்டு சொல்லுறா போல கிடக்கு. பிரெஞ்சுக்காரர் எண்டால் அப்பிடித்தான் சொல்லுவினம். எங்கட அம்மா ஒவ்வொரு நாளும் காலமை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடேக்கை வாசலிலை நிண்டு சொல்லுறது அதுதானே."

அதுவேதான். அதில் ஐயத்துக்கே இடமில்லை. ஏடுகளிலெல்லாம் தேடிய எம் கைக்கு அகப்படாதது, பாரிசிலே ஒரு வீட்டு வாசலில் நாள்தோறும் அச்சொல்லைக் கேட்ட செவிக்கு அகப்பட்டது. பிரெஞ்சு ஒலியும் தமிழ்ப் பொருளும் ஒருங்கே தெரிந்தவர் அம்மேசையிலே அவள் ஒருத்திதான்.

அவள் அதன் பொருளைப் பிரெஞ்சில் எடுத்துரைத்தாள். அம்மையார் முதலிற் சிரித்தார். உண்டு முடித்துக் காசும் கொடுத்துவிட்டுப் போகிறவர்களை நோக்கி, 'சாப்பிட்டுப் போ' என்று இத்தனை ஆண்டு சொல்லியிருக்கிறாரே! பின்பு முந்தானை இல்லாத அந்த அம்மையார், தோளிற் கிடந்த துவாலையால் முகத்தை மூடிக்கொண்டார். கரும்புத் தோட்டத்துப் பசியறிந்த ஒருத்தி, தன் வாசலைக் கடக்கும் யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்ப மனமின்றிச் சொன்ன சொல் அது. பேரப்பிள்ளைக்குப் பொருள் தெரியாமலே வழக்கம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது; வந்தவர்க்குச் சோறு போடும் தொழிலும் சேர்ந்தே வந்திருக்கிறது.

நாம் எழுந்து விடைபெற்றபோது அவர் வாயிற்படியில் நின்று, பொருள் தெரிந்து, அச்சொல்லைச் சொன்னார். "சப்பித்தி-போ." சொல்லிவிட்டுக் கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தார். சொன்னால் செய்ய வேண்டும் அன்றோ! கொலம்போ இன்னும் ஓர் அகப்பை வந்தது. உச்சரிப்பைத் திருத்த எமக்கு வாய் எழவில்லை. காசு வாங்க அவர் மறுத்துவிட்டார்.

அன்றிரவு விறாந்தையிலே தம்பி மகளை அழைத்து, "வேரில்லாத மரம் என்றது பிழை" என்றோம். "பரவாயில்லை" என்றாள், பின்பு சற்று யோசித்து, பிரெஞ்சும் தமிழும் கலந்து, அந்தப் பாட்டி 'ழ'வுக்கு நாக்கை மடித்த விதத்தை நடித்துக் காட்டினாள். நாமும் நடித்த விதத்தைக் காட்டினாள். தம்பி நெடுநேரம் சிரித்தார்.

ஆகவே, சேன் பிரான்சுவாவில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்போர்க்கு எம் விடை இது. கடற்கரை வண்டியிற் பொக்கித் வாங்கலாம். மீனவர் துறையில் மீன் உண்ணலாம். வளவு வீட்டில் ஈரப்பலாக்காய் பொரிக்கலாம். ஆனால் முற்றத்தில் மேசை போட்ட கடையின் கரும்பலகையிற் 'கொலம்போ' என்று கண்டால், அதைத் தாண்டிப் போகாதீர்கள். திருத்தவும் முயலாதீர்கள்.

பாரிசிலிருந்து நாம் ஊர் திரும்பிய நாள், விமான நிலையத்துக்கு விடியற்காலை நான்கு மணிக்கே புறப்பட வேண்டியிருந்தது. வீட்டார் உறங்குகின்றனர் என்று எண்ணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அரவமின்றி நடந்தோம். வாசலிலே, நித்திரைக் கண்ணோடு, கையிற் பாணும் வாழைப்பழமும் வைத்த தட்டோடு அவள் நின்றாள்.

"சாப்பிட்டுப் போங்கோ, பெரியப்பா."

அவ்வாக்கியத்தில் ஒரு பிழையும் எம் செவிக்குப் படவில்லை.